19-லிருந்து 17-க்கு: ஒரு கேமனின் குளிர்கால டயர்

2023 அக்டோபர் கடைசி வாரம், ஜெர்மனியின் ஷ்வார்ஸ்வால்ட் மலையில் மும்மல்ஸே ஏரிக்கரை. காபி குடித்துவிட்டு வந்து, பார்க்கிங்கில் என் போர்ஷே கேமன் காரின் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்து ரிவர்ஸ் எடுத்தேன். முன்பக்கத்திலிருந்து தட்... தட்... தட் என்று சத்தம். வண்டி நொண்டுவது போல் குதித்துக் குதித்து நகர்ந்தது. ஏதோ உடைந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இறங்கி, ஈரத்தரையில் முழங்கால் போட்டு, அடியில் எட்டிப் பார்த்தேன். ஒன்றும் தொங்கவில்லை, ஒழுகவும் இல்லை.

சரி, கிளம்பலாம் என்று சாலையில் ஏறினேன். இரண்டாவது கியர், லேசான வலது வளைவு, ஈரம், அங்கங்கே பழுத்த இலைகள். வேகம் 40 கூட இருக்காது. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் அழுத்தியதும் வண்டியின் பின்பாகம் பாதி லேன் அளவுக்கு வெளியே போனது. டாஷ்போர்டில் மஞ்சள் விளக்கு படபடவென்று மின்னியது, எலக்ட்ரானிக்ஸ் ஒரு சக்கரத்தின் பிரேக்கைப் பிடித்து வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்தது. எதிரே யாரும் வரவில்லை. அடுத்த இரண்டு கிலோமீட்டர் பேச்சே இல்லை. அப்புறம் மனைவி கேட்டாள்: "என்னங்க, இந்த வண்டி எப்பவும் இப்படித்தானா?"

அந்தக் கேள்விக்குப் பதில் தேடியதும், அதன்பிறகு என்ன டயர் வாங்கினேன், ஏன் வாங்கினேன் என்பதும்தான் இந்தக் கட்டுரை.

வண்டி

2007 போர்ஷே கேமன். 2.7 லிட்டர், 245 குதிரைத்திறன், மேனுவல் கியர். எடை சுமார் 1,300 கிலோ, உச்ச வேகம் 258 கிலோமீட்டர். எஞ்சின் சீட்டுக்கும் பின் அச்சுக்கும் நடுவில் இருக்கிறது, சக்தி பின்சக்கரங்களுக்குப் போகிறது. ஜூலையில் செகண்ட் ஹேண்டாக வாங்கினேன். ஷ்டுட்கார்ட் பக்கம் குடியிருக்கிறோம், வீட்டில் இது ஒன்றுதான் கார். அலுவலகத்துக்கும் இதுதான், சூப்பர் மார்க்கெட்டுக்கும் இதுதான்.

முன்னால் வைத்திருந்தவர் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிற ஆசாமி. வண்டியில் 19 அங்குல ரிம்கள், முன்னே 235/35, பின்னே 265/35 (முதல் எண் டயரின் அகலம், மில்லிமீட்டரில்; அடுத்தது பக்கச்சுவரின் உயரம், அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் என்று). டயர்கள் சாலையில் ஓட்ட அனுமதி உள்ளவைதான், ஆனால் பிறவியிலேயே டிராக்குக்கானவை: பள்ளங்கள் குறைவு, ரப்பர் அதிகம். கோடையில் அவை காட்டிய பிடிப்பைச் சொல்லி மாளாது. வளைவில் வண்டியைத் தண்டவாளத்தில் வைத்தது போல் இருந்தது. அந்த மயக்கத்தில்தான் அக்டோபர் வந்ததைக் கவனிக்காமல் விட்டேன்.

தோசைக்கல் தெர்மாமீட்டர்

அடுத்த ஞாயிறு அதே சாலைக்கு மறுபடி போனேன், இந்த முறை தனியாக. பாடன்-பாடனிலிருந்து ஃப்ராய்டன்ஷ்டாட் வரை மலை முகட்டில் ஏறக்குறைய 60 கிலோமீட்டர் ஓடும் பி500 நெடுஞ்சாலை. கையில் ஒரு அகச்சிவப்பு தெர்மாமீட்டர், தோசைக்கல் சூடு பார்க்க வாங்கியது. டயரின் முகத்துக்கு நேரே நீட்டிப் பொத்தானை அழுத்தினால் மேற்பரப்பின் வெப்பம் தெரியும்.

ஊருக்குள் காற்று 10 டிகிரி. ஆட்டோபானில் ஓடி வந்த டயர் 24 காட்டியது. மும்மல்ஸே கடல் மட்டத்திலிருந்து 1,036 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஆயிரம் மீட்டர் ஏறினால் ஆறு டிகிரி போலக் குறையும் என்பது பழைய கணக்கு. மேலே போனபோது காற்று 4 டிகிரி. வளைந்து வளைந்து ஏறியும்கூட டயர் 18-ஐத் தாண்டவில்லை. அரை மணி நேரம் நிறுத்தி வைத்துவிட்டுப் பார்த்தேன். 5 டிகிரி. டிராக்கில் 70, 80 டிகிரிக்குச் சூடேறி ஓடவென்று செய்த ரப்பர் இது. பார்க்கிங்கிலிருந்து வெளியே வரும்போது அது ரப்பராகவே இல்லை.

நம் ஊரில் மார்கழி மாதம் தேங்காய் எண்ணெய் பாட்டிலை வெயிலில் வைத்து உருக்குவோம் இல்லையா, கிட்டத்தட்ட அந்த மாதிரி விஷயம்தான். ஒரு வித்தியாசம் உண்டு. எண்ணெய் உறைந்தால் கண்ணுக்குத் தெரியும். ரப்பர் கறுப்பாகவே, பளபளப்பாகவே இருந்துகொண்டு உள்ளுக்குள் இறுகும். தார்ச்சாலையின் மேற்பரப்பு நுணுக்கமாகப் பார்த்தால் கரடுமுரடானது. மென்மையான ரப்பர் அந்தக் குழிகளுக்குள் வழிந்து இறங்கிக் கவ்வுகிறது, பிடிப்பு என்பதில் பெரும்பங்கு அதுதான். இறுகிய ரப்பர் மேடுகளின் உச்சியில் மட்டும் உட்கார்ந்து போகிறது.

பார்க்கிங்கில் கேட்ட தட்-தட்டுக்கும் காரணம் இதுவே. முழுக்க ஒடித்துத் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் வெளிப்பக்கச் சக்கரத்தைவிடச் சின்ன வட்டம் அடிக்க வேண்டும், அதனால் அதிகம் திரும்ப வேண்டும். ஸ்போர்ட்ஸ் கார்களில் முன்சக்கரக் கோணங்களை வேகமான வளைவுகளுக்காக அமைக்கிறார்கள், பார்க்கிங் வளைவுக்காக அல்ல. அதனால் ஒரு டயர் பக்கவாட்டில் இழுபடும். சூடான ரப்பர் நெளிந்து கொடுத்துவிடும். குளிர்ந்தது பிடிக்கும், விடும், பிடிக்கும், விடும். உடைசல் எதுவும் இல்லை என்று ஒர்க்‌ஷாப்பிலும் சொன்னார்கள். ஆனால் எனக்கு இப்போது அந்தச் சத்தம் ஒரு தெர்மாமீட்டர்.

இதைவிட மோசமும் நடக்கலாம். ஃபோர்டு தன் மஸ்டாங் போன்ற வண்டிகளின் கையேட்டில், சம்மர் டயரை 7 டிகிரி அளவுக்குக் கீழே ஓட்டாதே, மைனஸ் 7-க்குக் கீழ் போகும் இடத்தில் சேமித்து வைக்காதே என்று எழுதியிருக்கிறது. கடுங்குளிரில் ட்ரெட்டிலேயே, அதாவது தரையைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பரிலேயே, விரிசல் விழலாம். போர்ஷேவும் 7 டிகிரிக்குக் கீழே விண்டர் டயரைத்தான் சொல்கிறது.

அந்த 7 டிகிரியைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். ஆறரையில் எல்லாம் வழுக்கும், ஏழரையில் எல்லாம் ஒட்டும் என்கிற மாதிரி பலர் பேசுகிறார்கள். அது சுவிட்ச் இல்லை. வறண்ட சாலையில் 5 டிகிரியில்கூட நல்ல சாதாரண சம்மர் டயர் விண்டர் டயரைவிடக் குறைந்த தூரத்தில் நிறுத்தும் என்று காட்டிய சோதனைகள் உண்டு. ஏழு என்பது "இனி எப்போது வேண்டுமானாலும் உறைபனி இருக்கலாம், ஏற்பாடு செய்துகொள்" என்கிற எச்சரிக்கை மணி, அவ்வளவுதான். என் கதையில் குற்றவாளி 4 டிகிரி காற்று மட்டும் அல்ல. அந்தக் காற்றில் டிராக் டயர், அதுவும் அரை மணி நேரம் ஆறிப்போன டயர்.

கையில் இருந்த வழிகள்

சட்டம் முதலில். ஜெர்மனியில் "இந்தத் தேதி முதல் இந்தத் தேதி வரை" என்று கட்டாயம் கிடையாது. சாலையில் பனி, பனிக்கட்டி, சேறான பனி, உறைந்த ஈரம் இருந்தால் விண்டர் டயரோடுதான் ஓட்டவேண்டும். மீறினால் 60 யூரோ, கூடவே ஓட்டுநர் கணக்கில் ஒரு தண்டனைப் புள்ளி. போக்குவரத்துக்கு இடைஞ்சலாக நின்றுவிட்டால் 80. பக்கத்தில் ஆஸ்திரியாவுக்குப் போனால் நவம்பர் 1 முதல் ஏப்ரல் 15 வரை குளிர்காலச் சூழலில் கட்டாயம், அங்கே விண்டர் டயரின் ட்ரெட் ஆழம் 4 மில்லிமீட்டராவது இருக்கவேண்டும். ஜெர்மனியில் சட்டப்படி 1.6 போதும். அதை நம்பிப் பனியில் இறங்குபவரோடு நான் பயணம் செய்யமாட்டேன்.

வண்டியைத் தூங்கவைப்பது ஒரு வழி. இங்கே பல ஸ்போர்ட்ஸ் கார்களின் நம்பர் பிளேட் ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் பதிவு, மிச்ச மாதங்களுக்கு வரியும் காப்பீடும் கட்டத் தேவையில்லை. இரண்டாவது கார் இருந்தால் நான் இதைத்தான் செய்திருப்பேன்.

முன்னவர் கொசுறாகக் கொடுத்த பழைய விண்டர் செட் இன்னொரு வழி. 18 அங்குலம். இரண்டு யூரோ நாணயத்தைப் பள்ளத்தில் செருகிப் பார்த்தேன். அதன் வெள்ளி விளிம்பு 4 மில்லிமீட்டர் அகலம், அது முழுக்க மறைந்து இன்னும் மிச்சம் இருந்தது. அடடே, இனாம் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். அப்புறம் பக்கச்சுவரில் தேதி எண்ணைப் பார்த்தேன்: 3610. 2010-ஆம் ஆண்டின் 36-வது வாரம். நகத்தால் அழுத்தினால் தடமே விழவில்லை. பதின்மூன்று வருட ரப்பர். ஆழம் இருக்கிறது, உயிர் இல்லை. பயன்படுத்திய விண்டர் டயர் வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான். எல்லோரும் ட்ரெட்டை அளக்கிறார்கள், அந்த நான்கு எண்களைப் படிப்பதில்லை.

வருடம் முழுக்க ஓட்டும் ஆல் சீசன் டயரும் பார்த்தேன். கடந்த பத்து வருடங்களில் அவை நிஜமாகவே நன்றாகிவிட்டன, பனி அதிகம் பார்க்காத ஊரில் சாதாரண காருக்கு நான் தயங்காமல் சொல்வேன். என் சிக்கல் வேறு. கேமனுக்கு முன்னும் பின்னும் வேறு வேறு அளவு. முன் அளவில் கிடைத்த மாடல் பின் அளவில் கிடைக்கவில்லை. முன்னே ஒரு ரகம், பின்னே ஒரு ரகம் என்று போட்டால் குளிர்ந்த ஈரச்சாலையில் எந்த அச்சு முதலில் விடும் என்று யாருக்கும் தெரியாது. நடு எஞ்சின் வண்டியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

ஆக, புது விண்டர் செட். கேள்வி, எந்த அளவு?

ஏன் சின்னது

நண்பர் ஒருவர் 19 அங்குலத்திலேயே விண்டர் டயர் போடச் சொன்னார். "இல்லன்னா பாக்க அம்பாஸடர் மாதிரி ஆயிடும் பாஸ்" என்றார். அழகு விஷயத்தில் அவர் சொன்னது தவறில்லை.

என் மாடலுக்கு அடிப்படை அளவே 17 அங்குலம்: முன்னே 205/55, பின்னே 235/50. பெரிய பிரேக் உள்ள எஸ் மாடலின் கதை தனி, 17 ரிம்முக்குள் அந்த பிரேக் அடங்குமா என்று பார்த்துத்தான் இறங்கவேண்டும். எனக்கு அந்தத் தடை இல்லை. பின்சக்கரம் 265-லிருந்து 235-க்கு, அதாவது 3 சென்டிமீட்டர் குறைகிறது. அதே எடை குறுகிய டயர்மேல் உட்காரும்போது, மெல்லிய பனியை வெட்டி அடியில் இருக்கும் கெட்டித் தரையைத் தொடுகிறது. அகல டயர் மிதக்கும். சேறான பனியில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கூடவே உயரமான பக்கச்சுவர். பிப்ரவரியில் ஜெர்மன் சாலைகளில் உறைந்து உருகிய ஈரம் தோண்டும் குழிகள் 35 சதவீதச் சுவருள்ள டயரையும் ரிம்மையும் சேர்த்தே காவு வாங்கும். விலையும் 19-ல் பாதிதான் ஆனது. உப்பு தின்னப்போவதும் பாலிஷ் போட்ட ரிம்மை அல்ல, விளம்பரம் பார்த்து வாங்கிய பழைய சாம்பல் நிற ரிம்மை.

ஒரு காகித வேலை இருக்கிறது. 2005-க்குப் பிறகு வந்த ஜெர்மன் பதிவுப் புத்தகத்தில் ஒரே ஒரு டயர் அளவுதான் அச்சாகியிருக்கும். அது மட்டும்தான் அனுமதி என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள். மற்ற அளவுகள் வண்டியோடு வரும் இணக்கச் சான்றிதழில் இருக்கும். அதில் இல்லாத அளவைப் போட்டால் வண்டிக்கே ஓடும் அனுமதி போகலாம். அந்தத் தாளைத் தேடி இரண்டு மாலைகள் போயின. கடைசியில் கையேட்டு உறைக்குள்ளேயே மடித்து வைத்திருந்தது.

அடுத்து ரகம். விண்டர் டயர் என்ற ஒரே பெயரில் இரண்டு குடும்பங்கள் இருக்கின்றன என்பது கடைக்குப் போனபிறகுதான் எனக்குத் தெரியும். ஸ்காண்டிநேவியாவுக்கானவை மிக மென்மை, பனிக்கட்டியில் ராஜா. ஆனால் வேகக் குறியீடு பெரும்பாலும் 160 முதல் 190 வரைதான், ஈரமான ஆட்டோபானில் பிரேக் போட்டால் நீளமாகப் போகும். மத்திய ஐரோப்பாவுக்கானவை பனியில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து, மழையிலும் வேகத்திலும் நிற்கும். மிஷலின் பைலட் ஆல்பின், பிரெல்லி சோட்டோஸீரோ எல்லாம் இந்தப் பக்கம். பனிக்கட்டியைவிட நான் அதிகம் பார்ப்பது 3 டிகிரி மழை. அதனால் இரண்டாவது குடும்பம். மூன்று சிகர மலைக்குள் பனிச்செதில் என்ற குறி எல்லாவற்றிலும் உண்டு. அந்தக் குறி பனியில் ஒரு குறைந்தபட்சத் தகுதியை மட்டும் சொல்கிறது, குளிர்ந்த மழையைப் பற்றி வாயே திறக்காது. அதற்கு ஐரோப்பிய லேபிளின் ஈரப்பிடிப்பு எழுத்தைப் பார்க்கவேண்டும். பி-க்குக் கீழே வேண்டாம் என்று வைத்துக்கொண்டேன். பிராண்டைக் கேட்காதீர்கள். என் இரண்டு அளவிலும், இந்த எழுத்தோடும், போர்ஷே ஒப்புதலோடும் அந்த வாரம் கிடைத்தவை இரண்டே ஜோடி, அதில் புதிய தேதி எண் உள்ளதை எடுத்தேன்.

ஒரு வேடிக்கை. டயரின் வேகக் குறியீடு வி, அதாவது 240. வண்டி 258 போகும். இந்த மாதிரி இருந்தால் ஓட்டுபவர் கண்ணில் படும்படி "240" என்று ஸ்டிக்கர் ஒட்டவேண்டும் என்பது சட்டம். காலை எட்டு மணிக்கு ஷ்டுட்கார்ட் நெரிசலில் 15 கிலோமீட்டர் வேகத்தில் ஊர்ந்துகொண்டே தினமும் அந்த ஸ்டிக்கரைப் படிக்கிறேன்.

குளிர்காலம் எப்படிப் போனது

நவம்பர் 11 அன்று மாட்டினேன். போல்ட்டுகள் 130 நியூட்டன் மீட்டர், 50 கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு இறுக்கு. கழற்றிய 19-களை டயர் ஹோட்டலில் விட்டேன். ஆமாம், இங்கே டயருக்கும் ஹோட்டல் உண்டு, நம்மைப் போல் அறை எண்கூடக் கொடுக்கிறார்கள்.

முதல் இரண்டு நாள் ஏமாற்றம். ஸ்டீயரிங்கில் ஒரு மந்தம், கையைத் திருப்பிய பிறகு வண்டி யோசித்துத் திரும்புவது போல. உயரச் சுவரும் மென்மையான ட்ரெட்டும் நெளிகின்றன. ட்ரெட் முழுக்கப் பிளேடால் கீறியது போல் மெல்லிய வெட்டுகள் இருக்கும், பனியைக் கவ்வும் விளிம்புகள் அவைதான். வறண்ட சாலையில் அதே வெட்டுகள் ஆட்டம் கொடுக்கின்றன. மூன்றாம் நாள் காலை, 1 டிகிரி, ஈரம். கராஜிலிருந்து ஏறும் சரிவில் முழுக்க ஒடித்தேன். சத்தமே இல்லை.

காற்றழுத்தத்தை இங்கே சொல்லியாகவேண்டும். பத்து டிகிரி குறைந்தால் சுமார் 0.1 பார் இறங்கும். நிலத்தடி கராஜில் 15 டிகிரியில் நிரப்பிவிட்டு வெளியே மைனஸ் 5-ல் ஓட்டினால் 0.2 பார் காணாமல் போயிருக்கும். நான் வெளியே நிறுத்தி வைத்து, ஆறியபின் நிரப்பினேன்.

டிசம்பர் 2 அன்று மியூனிக்கில் விமான நிலையத்தையே மூடும் அளவுக்குப் பனி கொட்டியது. அன்று அங்கே ஒரு விருந்துக்கு அழைப்பு இருந்தது. போகவில்லை. மியூனிக் போகும் ஏ8 ஆட்டோபானில் மலையேறும் ட்ராக்கன்ஷ்டைன் சரிவில் இரண்டே லேன், ஒதுங்க ஓரம் கிடையாது. ஒரு லாரி குறுக்கே நின்றால் உலகத்திலேயே சிறந்த டயரும் அதன் பின்னால்தான் நிற்கும்.

உண்மையான பரீட்சை ஜனவரியில். ஆல்காய் பகுதியில் ரீட்பெர்க் கணவாய், 1,400 மீட்டருக்கு மேலே, ஏற்றம் 16 சதவீதம் வரை. சாலையில் இறுகிய பனி. ஏற்றம் எனக்கு ஆச்சரியமாகவே இருந்தது. எஞ்சின் எடை பின்சக்கரங்கள்மேல் அழுத்துகிறது, இரண்டாம் கியரில் மெல்ல விட்டால் வண்டி ஆடு போல் ஏறுகிறது. டயரின் பள்ளங்களில் பனி அடைத்துக்கொண்டால் கெடுதல் என்று நினைத்திருந்தேன். பனியோடு பனி ஒட்டும், உருண்டை பிடிக்கும்போது பார்க்கிறோமே, அந்த ஒட்டலும் பிடிப்புதான். இறக்கம் அப்படி இல்லை. முன்பக்கம் லேசான வண்டி, திருப்பினால் நேராகவே போகப் பார்த்தது. 25-க்கு மேல் போகவில்லை. பின்னால் வந்த வயதான ஸ்கோடா பொறுமையாகத்தான் இருந்தது.

அதைவிட, விடுதி வாசலில் 12 சென்டிமீட்டர் புதுப்பனி கிடந்தது. டயர்கள் சுழலவில்லை, வழுக்கவில்லை, ஆனால் வண்டி நின்றுவிட்டது. முன் பம்பரின் கீழ் உதடு பனியைக் கலப்பை மாதிரி அள்ளிக் குவித்திருந்தது. வயிறு தரையோடு இருக்கிற வண்டிக்கு எந்த டயரும் கால் நீட்டித் தராது. விடுதிக்காரர் சிரித்துக்கொண்டே மண்வெட்டி கொண்டுவந்தார்.

பிப்ரவரி கடைசியில் பனி விட்டபிறகு பழைய இடத்துக்கே போனேன், மும்மல்ஸே, அதே காபி, அதே அரை மணி நேரம். காற்று 2, டயர் 3 டிகிரி. அதே வலது வளைவு. மஞ்சள் விளக்கு எரியவில்லை. மனைவி ஜன்னல் வழியே ஏரியைப் பார்த்துக்கொண்டிருந்தாள், கவனிக்கக்கூட இல்லை.

இதற்கு விலை ஏப்ரல் முதல் வாரத்தில் தெரிந்தது. வெயில் 25-ஐத் தாண்டியது, வண்டி களிமண்ணில் ஓடுவது போல் ஆனது. ஒரு சிக்னலில் பிரேக் போட்டபோது நினைத்த இடத்தைத் தாண்டி நின்றேன். அக்டோபர் முதல் ஈஸ்டர் வரை என்பது ஜெர்மானியர்களின் டயர் பழமொழி. அந்த வருடம் ஈஸ்டரும் முடிந்திருந்தது. மாற்றிவிட்டேன். டிராக் டயர்களை விற்றுவிட்டு 19 ரிம்மில் சாதாரண சம்மர் டயர் போட்டேன். வளைவில் தண்டவாளம் இல்லை, ஆனால் அக்டோபர் காலை ஒன்றில் நான்கு டிகிரியில் சிக்கினாலும் வீட்டுக்கு வந்துவிடலாம்.

மாற்றிய இரண்டு வாரத்தில், ஏப்ரல் மூன்றாம் வாரம், ஷ்டுட்கார்ட் பக்கத்து ஆல்ப் மேட்டில் மறுபடி பனி விழுந்தது. மூன்று நாள் கேமன் கராஜில் நின்றது. நான் மின்ரயிலில் அலுவலகம் போனேன்.